பச்சை வெல்வெட் ஜிலேக்கோ

அல்ஜியர்ஸில் அடிமைக்குச் சொந்தம் என்று இருந்தவை அவனுடைய பல்லும் நகமும்தான். அந்தப் பல்லையும் ஏலத்தன்று ஆட்டிப் பார்த்துவிடுவார்கள். முதுகில் கிடக்கும் துணி எஜமானுடையது. மழைக்காலம் தொடங்கியதும் கொட்டடி மேலாள் ஜாஃபர் ஒரு கழுதையின் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் கவிழ்ப்பான். முரட்டுக் கம்பளியில் தைத்த, முழங்கைவரை மட்டும் கை வைத்த குட்டைச் சட்டைகள் குவியலாக விழும். நெட்டையனுக்குக் குட்டையானதும் குட்டையனுக்கு நெட்டையானதும் போய்ச் சேருவது வழக்கம். துருக்கியர்கள் அதை யெலெக் என்றார்கள். ஊர்க்காரர்கள் ஜலிகா என்றார்கள். கொட்டடியில் கிடந்த ஸ்பெயின்காரர்கள் அந்த இரண்டையும் போட்டு மென்று ஜிலேக்கோ ஆக்கியிருந்தார்கள். எந்த வாயில் எப்படி விழுந்தாலும் சரி, அது யாருடைய குளிரையும் தடுத்ததில்லை.

ஹினேஸ் அதை ஒன்பதாவது மழைக்காலமாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்பெயினில் மஸர்ரோன் கடற்கரையில் சூரை மீனுக்கு வலை போட்டவன், சூரை மாட்டியது போலவே ஒரு காலையில் கடற்கொள்ளையர்களிடம் மாட்டிக்கொண்டான். ராயிஸ் ஷாபான் என்ற கப்பல் தலைவன் அவனை வாங்கினான். கோடையில் துடுப்பு, மற்ற நாளில் துறைமுகச் சுவருக்குக் கல் சுமப்பது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆனால் ஹினேஸுக்கு ஒரு பெருமை இருந்தது. இந்த நகரத்தில் தன்னைவிட மலிவான மனிதன் கிடையாது என்பான்.

பிடிபட்டவர்கள் எல்லோரும் முதலில் படிக்கும் பாடம் அது. மீட்பு விலை முடிவாகும்வரை வசதியான வீட்டு ஆளாகக் காட்டிக்கொள்ளவே கூடாது. ஹினேஸோடு பிடிபட்ட மாலுமி ஒருவன், கடற்கொள்ளையர்கள் படகில் ஏறும் முன்பே தன் புதுக் காலணிகளைக் கழற்றிக் கடலில் எறிந்தான். பிழைக்கத் தெரிந்தவன். கூடவே வந்த நாவிதன் விரலில் ஒரு வெள்ளி மோதிரம் இருந்தது. கழற்ற வரவில்லை, வீங்கிய விரல். அந்த மோதிரத்தைப் பார்த்து அவனை ஏதோ பெரிய பாதிரி, மேற்றிராணியாரின் உறவு என்று முடிவு கட்டினார்கள். "சவரம் பண்றவன்யா நான்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எவ்வளவுக்கு அழுதானோ அவ்வளவுக்கு விலை ஏறியது. கடைசியில் அந்த மோதிரத்தோடே செத்தான். ஹினேஸ் இதையெல்லாம் பார்த்தவன். அதனால் ஒன்பது வருஷமும் தலை வாரியதில்லை, யாராவது நல்ல துணி கொடுத்தால் வாங்கியதில்லை, மேலாள் எதிரே வந்தால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். இப்படி நின்றே தன் விலையை வருஷா வருஷம் இறக்கி வைத்திருந்தான்.

போன வருஷம் வேறொரு எஜமானிடம் இருந்த கார்த்தகேனா ஊர்க்காரன் பெர்னபே விடுதலையாகிப் போனபோது, ஹினேஸ் தன் மனைவி ஃப்ளோரென்டினாவுக்குச் சொல்லி அனுப்பினான். "உயிரோட இருக்கேன்னு சொல்லு. சாப்பாடு கிடைக்குதுன்னு சொல்லு. குளிருதான் தாங்க முடியல, மேல ஒரு ஜிலேக்கோதான் கிடக்குன்னு சொல்லு." சொல்ல வேறு விஷயம் இல்லாததால் சொன்ன விஷயம் அது. அதற்குப் பிறகு அவனே அதை மறந்துவிட்டான்.

இந்த வருஷம், காணிக்கைப் பணம் கொடுத்து அடிமைகளை மீட்கும் துறவிகளின் கப்பல் வந்தது. மூப்பராக வந்தவர் ஃப்ரே அன்செல்மோ, குண்டான, வேர்த்துக் கொட்டும், நல்ல மனசுக்காரர். கொட்டடியின் மூலையில் இருந்த சின்னக் கோவிலுக்கு ஹினேஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்பா, ஃப்ளோரென்டினா புருஷன் நீதானா?"

"ஆமா சாமி."

"பெரிய ஆளுப்பா அவ. உன்னை மீட்க பிச்சை எடுக்கலாம்னு மேற்றிராணியார்கிட்ட அனுமதி வாங்கி, ஊர் ஊரா நடந்திருக்கா. லோர்காவுல ஒருத்தன் நாயை அவுத்து விட்டானாம். கடிபட்ட காலோட அடுத்த வாரமே அவன் வாசல்லயே போய் நின்னு வாங்கிட்டுத்தான் வந்திருக்கா. பணம் சேர்ந்துடுச்சு. ஷாபான்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டான். நாளைக்கே முடிச்சுடலாம்."

ஹினேஸ் வாயைத் திறந்தபடி நின்றான். இந்த முறை அது நடிப்பு இல்லை.

"அப்புறம் இது" என்று சாமியார் ஒரு மூட்டையை நீட்டினார். "ஜிலேக்கோன்னா என்னன்னு பெர்னபேவைப் போட்டுக் குடைஞ்சிருக்கா. அவன் ஊருக்குப் போட்டுட்டு வந்ததைக் கழட்டிக் காட்டியிருக்கான். அதை வச்சு அளவெடுத்து உனக்கு ஒண்ணு தச்சுட்டா. குளிருதுன்னு சொன்னியாமே."

பிரித்தான். பச்சை வெல்வெட். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஃப்ளோரென்டினா கல்யாணத்துக்கு முன் ஒரு சீமாட்டி வீட்டில் வேலை பார்த்தாள். அந்த அம்மாள் சாகும்போது அவளுக்கு விட்டுப்போன பாவாடை அது. கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை கட்டினாள். பிறகு பெட்டியில் வாசனைக்குப் போடும் சீமைமாதுளம் பழங்களுக்கு நடுவே மடித்து வைத்துவிட்டாள். மீன்காரன் பெண்டாட்டி வெல்வெட் கட்டிக்கொண்டு எங்கே போவது? அந்தப் பாவாடையை வெட்டி, உள்ளே முயல் தோல் வைத்து, எலும்புப் பொத்தான் போட்டு ஜிலேக்கோ தைத்திருந்தாள். இன்னும் அதில் சீமைமாதுளம் பழ வாசனை இருந்தது. ஹினேஸ் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். சாமியார் வேறு பக்கம் திரும்பி மெழுகுவத்தியைச் சரிசெய்தார்.

கொட்டடிக்குக் கொண்டுவந்து லூக்காஸிடம் மட்டும் காட்டினான். லூக்காஸ் அலிகாந்தே பக்கத்துப் பீப்பாய்த் தச்சன், ஒரே விலங்கில் ஹினேஸோடு கட்டப்பட்டுத் துடுப்பு வலித்தவன்.

"அடப் பாவி, உன் பொண்டாட்டிக்கு மூளை கலங்கிடுச்சா?" என்றான் லூக்காஸ். "இதை உடனே கொண்டுபோய் சாமிகிட்ட குடு. கப்பல் ஏறின பிறகு வாங்கிக்க. இல்ல, மண்ணைத் தோண்டிப் புதை."

"குடுத்துடுறேன்டா."

"குடுத்துடுறேன் இல்ல. இப்பவே குடு."

"காலையில குடுத்துடுறேன்னு சொல்றேன்ல. ஒரு ராத்திரி வச்சுக்கிறேன். என்ன இப்ப?"

காலையில் அவன் அதைப் போட்டுக்கொண்டான். மேலே பழைய ஜிலேக்கோவைப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினான். வெளியே ஒரு நூல்கூடத் தெரியவில்லை. புத்திகெட்ட வேலை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வருஷமாக அந்த முதுகை ஜாஃபரின் பிரம்பைத் தவிர எதுவும் தொட்டதில்லை. இப்போது அவளுடைய கை வந்து தொட்டுக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பான்? சாயங்காலம் கப்பல். அதுவரை உள்ளேதானே இருக்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தான்.

ஷாபான் வீட்டு முற்றத்தில் பணம் எடை போடப்பட்டது. ஷாபான் திண்டில் சாய்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான். அவன் கொடுமைக்காரன் இல்லை, வியாபாரி. சேர்ந்தாற்போல இரண்டு பருவம் கொள்ளை சரியாக இல்லாததால் கொஞ்சம் வாடியிருந்தான். எடை சரியாக வந்தது. ஹினேஸின் கணுக்கால் வளையத்தைக் கொல்லன் உடைத்தான். கால் தன்பாட்டுக்கு மேலே எழும்பியது. எல்லோரும் சிரித்தார்கள், ஹினேஸும் சிரித்தான். வாசலுக்கு நாலு எட்டு இருந்தது.

"நில்லு" என்றான் ஜாஃபர். "ஜிலேக்கோவைக் கழட்டி வச்சுட்டுப் போ."

ஜாஃபர் ஒரு காலத்தில் ஜெனோவாக்காரன், பெயர் பத்திஸ்தா. மதம் மாறி மேலாளானவன். பிறவித் துருக்கியன் எவனும் கேட்காத கணக்கையெல்லாம் அவன்தான் கேட்பான்.

"அந்தக் கந்தலையா?" என்றார் ஃப்ரே அன்செல்மோ. "இருக்கட்டும் ஐயா. ஊர்ல இவங்களை இதே கோலத்துல பவனியா கூட்டிட்டுப் போவோம். ஜிலேக்கோவைப் பாத்தாத்தான் சனங்க அழும். அழுதாத்தான் காணிக்கை போடும். அந்தக் காணிக்கைதான் அடுத்த வருஷம் உங்ககிட்டயே வரப்போவுது."

"இவனை வாங்கினீங்க. துணியை வாங்கல. எஜமான் துணி எஜமானுக்கு. ஒருத்தனை விட்டா நாளைக்கு எல்லாவனும் போட்டுக்கிட்டுப் போவான்."

"கழுதைகூடப் போட்டுக்காதேய்யா இதை!"

ஷாபான் அலுப்போடு கையை ஆட்டினான். அது போகட்டும் என்ற அர்த்தமா, கழற்று என்ற அர்த்தமா என்று யாருக்கும் புரியவில்லை. சாமியாருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு வீட்டில் நாலு பேரை மீட்க வேண்டும்.

"சரி, கழட்டிக் குடுத்துடுப்பா. கப்பல்ல வேற கந்தல் இருக்கு, தர்றேன்."

"குளிருது சாமி" என்றான் ஹினேஸ்.

"அஞ்சு நிமிஷக் குளிரு. ஒன்பது வருஷம் தாங்கினவன்தானே?"

"வேணாம் சாமி. சாமி, வேணாம்."

சாமியார் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். உதவி செய்கிற நல்ல மனசோடு கிட்டே வந்து, தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்துக் கந்தலைத் தோளிலிருந்து உருவினார். முற்றத்து வெயிலில் பச்சை வெல்வெட் பளபளத்தது.

ஷாபான் அத்திப்பழத்தைக் கீழே வைத்தான். எழுந்து வந்து, வெல்வெட்டைப் புறங்கையால் ஒரு தடவை மேலேயும் ஒரு தடவை கீழேயும் தடவினான். உள்ளே இருந்த முயல் தோலைத் திருப்பிப் பார்த்தான்.

"மீன்காரன்னு சொன்னே" என்றான் ஜாஃபரிடம்.

"அப்படித்தான் எசமான் இவன் சொல்லிட்டிருந்தான். ஒன்பது வருஷமா வாயைப் பொளந்துக்கிட்டு நின்னு ஏமாத்தியிருக்கான் பாருங்க."

"சத்தியமா மீன்காரன்தான் எசமான்! என் பொண்டாட்டி பாவாடை இது! ஒரே பாவாடை! அதை வெட்டித் தச்சு அனுப்பியிருக்கா!"

"மீன்காரன் பொண்டாட்டி வெல்வெட் பாவாடை கட்டுவாளா?" ஷாபான் நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டான். "எனக்கும் பொண்டாட்டி இருக்கா. நான் கப்பல் வச்சிருக்கேன். அவகிட்டயே இப்படி ஒண்ணு இல்ல. பாவாடையையே வெட்டி அனுப்புற வீடுன்னா, அந்த வீட்டுப் பெட்டிக்குள்ள இன்னும் என்னென்ன இருக்கும்?"

விலை மூன்று மடங்கானது. ஃப்ரே அன்செல்மோ கெஞ்சினார், மண்டியிட்டார், கடைசியில் திட்டவும் செய்தார். நடந்ததற்குக் காரணம் தன் விரல்கள்தான் என்று தெரிந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கொல்லன் புது வளையம் கொண்டுவந்தான். ஹினேஸின் கால் இந்த முறை அசையவில்லை.

எடை போட்ட பணத்தைத் திரும்ப எடுத்துப் போவதா? ஒரு கைதியை மீட்கச் சனங்கள் போட்ட காணிக்கை அது. ஒரு கைதி மீட்கப்பட்டே ஆக வேண்டும் என்பது சாமியார்களின் விதி. அதே விலைக்கு ஷாபானிடம் இன்னொருவன் இருந்தான், லூக்காஸ். சாமியார் அதைச் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். ஹினேஸ்தான் சொன்னான், "அவனைக் கூட்டிட்டுப் போங்க." நல்ல மனசால் சொல்லவில்லை. யாராவது ஒருவன் சீக்கிரம் போய்த் தொலைந்தால் இந்த முற்றம் காலியாகும் என்றுதான் சொன்னான்.

வெல்வெட் ஷாபானிடம் தங்கியது. அந்தக் குஷியில் அவன் கந்தலை விட்டுக்கொடுத்தான். லூக்காஸின் ஜிலேக்கோ முதுகில் கிழிந்து தொங்கியதால், சாமியார் ஹினேஸுடையதை எடுத்து அவனுக்குப் போட்டார். ஊர்ச் சனம் பார்த்து அழுவதற்கு அது போதும்.

கல் சுமப்பவர்களும் கப்பல் ஏறுபவர்களும் துறைமுகச் சுவரில் ஒரே வழியாகத்தான் போக வேண்டும். அங்கே லூக்காஸ் ஹினேஸைப் பிடித்துக்கொண்டான். அழுது அழுது முகம் ஊதியிருந்தது.

"நான் போகலடா. போய் அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்? பவனிக்கு வந்து நிப்பாளாம்டா. ஒவ்வொரு முகமா பாப்பா. என்ன சொல்லட்டும்?"

"அந்தத் துணி வந்து சேரலன்னு சொல்லு. கடல்ல போச்சுன்னு சொல்லு."

"சொன்னா?"

ஹினேஸ் கல்லை இறக்கி வைத்து யோசித்தான். "சொன்னா இன்னொண்ணு தச்சு அனுப்புவா" என்றான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, அசிங்கமான சிரிப்பு. "நடந்ததைச் சொல்லாதே. தன் கையாலயே புருஷனைக் கட்டிப் போட்டுட்டோம்னு தெரிஞ்சா அவ கையை வெட்டிக்குவா. விலை ஏறிடுச்சுன்னு மட்டும் சொன்னா, மறுபடியும் ஊர் ஊரா கிளம்புவா. மூணு மடங்குடா. சாகற வரைக்கும் நடந்தாலும் சேராது. நாய் கடிச்சே செத்துப்போவா."

"அப்ப என்னதான்டா சொல்ல?"

"செத்துட்டேன்னு சொல்லு."

லூக்காஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

"காய்ச்சல்ல செத்தான்னு சொல்லு. துணி வந்து சேந்துச்சு, போட்டுப் பாத்தான், அளவு சரியா இருந்துச்சுன்னு சொல்லு. அதோடயே புதைச்சோம், கதகதப்பா போனான்னு சொல்லு. பணத்தை உனக்குக் குடுக்கச் சொன்னதும் அவனேதான்னு சொல்லு. சத்தியம் பண்ணு."

"பாவம்டா இது."

"என் பணத்துல போறவன் நீ. பாவத்தை நான் பாத்துக்கிறேன். பண்ணு."

லூக்காஸ் சத்தியம் செய்தான். ஹினேஸின் ஜிலேக்கோ ஹினேஸ் இல்லாமல் ஸ்பெயினுக்குப் போனது.

அதன் பிறகு நடந்தவற்றைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஷாபான் அந்த வெல்வெட்டை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போட்டுக்கொண்டு போனான். இரண்டு பருவத்தில் அக்குள் கிழிந்தது, அப்புறம் கண்ணில் படவில்லை. மூன்று மடங்கு கொடுக்க எவனும் வராததால் விலையை இறக்கினான். பழைய விலைக்கே வந்தான், பிறகு பாதிக்கு. "உன் வீட்டுல பெட்டி நிறைய இருக்குன்னு பாத்தா, ஒரு நாய்கூட உன்னைக் கேட்டு வரலையே" என்று குறைப்பட்டுக்கொண்டான். சாமியார்கள் வந்து போனார்கள். ஃப்ரே அன்செல்மோ வரவில்லை, மூப்பெய்திவிட்டார் என்றார்கள். செத்தவனுக்காக யாரும் பணம் அனுப்புவதில்லை. தன் ஆத்துமாவுக்காக மஸர்ரோனில் பூசை வைக்கப்பட்டிருக்கும் என்று ஹினேஸ் நினைத்துக்கொள்வான். அந்தப் பூசையில் பாதியாவது உயிரோடு இருப்பவனுக்குப் பலிக்காதா என்றும் நினைப்பான். பலிக்கவில்லை.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் புதிதாகப் பிடிபட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். ஜாஃபர் கிழவனாகியிருந்தான், ஆனால் கண் மங்கவில்லை. வரிசையில் பாதியில் நின்று, "அட, வெல்வெட்!" என்றான்.

வாட்டசாட்டமான ஆள். வெயிலில் வெந்த முகம், உப்புத் தின்ற கை. அந்தக் கையைப் பார்த்தால் குழந்தைகூட மீன்காரன் என்று சொல்லிவிடும். ஆனால் மேலே கையில்லாத குட்டைச் சட்டை ஒன்று போட்டிருந்தான். முதுகு சாதாரணக் கம்பளி, முன்பக்கம் மட்டும் நீல வெல்வெட், எலும்புப் பொத்தான். ஜாஃபர் அதைக் கழற்றி வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டான். "பெரிய வீட்டுப் பிள்ளை" என்று எழுத்தனிடம் சொன்னான். எழுத்தன் ஒரு தொகையை உரக்கச் சொல்லி எழுதினான். பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டு மூச்சை இழுத்தார்கள்.

வரிசை கலைந்ததும் ஹினேஸ் அவனிடம் போனான்.

"எந்த ஊரு தம்பி?"

"மஸர்ரோன்ண்ணே. பேரு ப்ளாஸ். வலை போடறவன். என்னண்ணே அந்தாளு ஏதோ பெரிய வீட்டுப் பிள்ளைங்கறான்? எங்கப்பன் மீன் விக்கிறான்ண்ணே!"

"அந்தத் துணி எங்க வாங்கின?"

"எது, சலேக்கோவா? அப்படித்தான் சொல்வோம் எங்க ஊர்ல. எங்க ஊர் விதவை ஒருத்தி தைப்பா, ஃப்ளோரென்டினான்னு. எங்க கடற்கரைப் பக்கம் எல்லா ஆம்பளையும் அதான் போடுவான். முழுசும் வெல்வெட்டுன்னா கட்டுபடியாகுமா? அதனால முன்னால மட்டும். கடலுக்குப் போறவன்னா அந்தம்மா கூலியே வாங்காது. சீமாட்டிங்க வீட்டுல கிழிசல் வெல்வெட்டைக் கேட்டு வாங்கி வந்து தைக்கும். 'போட்டுக்கப்பா, என் வீட்டுக்காரன் மண்ணுக்குள்ளயும் குளிராம கிடக்கான்'னு சொல்லிச் சொல்லிப் பொத்தானைப் போட்டுவிடும். அந்தம்மா புருஷன் இங்கதான் செத்தான்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"பாத்திருக்கேன்" என்றான் ஹினேஸ்.

வரிசையில் நின்ற மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் படகில் பிடிபட்டவர்கள் நாலைந்து பேர் சட்டையில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜாஃபரின் தோளில் நீலம், சிவப்பு, பழுப்பு என்று வெல்வெட் குவிந்திருந்தது. ஒவ்வொன்றையும் அவள் முழங்காலில் வைத்துத் தைத்திருப்பாள். அன்றைக்கு லூக்காஸிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பியிருந்தால், அவள் அழுதிருப்பாள், கையை வெட்டிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் இன்னொரு வெல்வெட்டைத் தொட்டிருக்க மாட்டாள்.

"தம்பி, ஊருக்கு யாராவது போனா சொல்லி அனுப்பு" என்று அவசரமாகச் சொன்னான். "அந்தத் துணியைப் போட்டுக்கிட்டு யாரும் கடலுக்குப் போக வேணாம்னு சொல்லு. அந்தம்மாகிட்ட தைக்கறதை நிறுத்தச் சொல்லு. அதாலதான் உன் விலை ஏறிச்சு."

ப்ளாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான். "அந்தம்மா கேக்குமாண்ணே? புருஷன் மேல ஆணையா தைக்குது அது. யாரு இப்படிச் சொன்னான்னு கேக்கும். யாருன்னு சொல்ல? உங்க பேரு என்ன?"

ஹினேஸ் வாயைத் திறந்தான். பழைய பழக்கம் போலத் திறந்தபடியே நின்றான்.

ஜாஃபர் மூட்டையிலிருந்து ஒரு முரட்டுக் கம்பளியை எடுத்து ப்ளாஸின் முகத்தில் வீசினான். ப்ளாஸ் அதைப் பிரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். இதை எப்படிப் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இந்தக் கருமத்துக்கு என்னண்ணே பேரு?"

ஹினேஸ் அதை அவன் கையிலிருந்து வாங்கி, தோளில் ஏற்றி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டான்.